வரப்பில் இருந்த மண்வரிசை

எங்கள் பகுதி மண்ணில் கல் பிறப்பதில்லை. தாராசுரத்துத் தூண் முதல் எங்கள் வீட்டு அம்மி வரை, இங்குள்ள கல் யாவும் வேற்றிடத்திலிருந்து வந்தவை. ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டலும் மணலும் களியுமே எங்களுக்கு உரியவை. ஆதலால், நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூரில் என் அக்காளின் வயலில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, சேற்றோடு சேர்ந்து கருநிறக் கட்டி ஒன்று மேலே வந்ததும், அக்காள் அதைக் கழுவிப் பாலூற்றி, எண்ணெய் பூசி, திருநீறு இட்டுச் சாமிமாடத்தில் வைத்துவிட்டாள். கல்லில்லாத ஊரில் தானே எழுந்துவந்த கல்லை வேறென்ன செய்வது?

மறுநாட்காலை அத்தான் அதை ஒரு மஞ்சள் பையில் இட்டுக்கொண்டு தஞ்சாவூரில் என் வீட்டு வாயிலில் நின்றார். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கல்லூரி என்னும் ஒரு சொல்லே போதும். கல் முதல் கருவிழி வரை எதைப் பற்றியும் எனக்குத் தெரிந்தவர் யாரேனும் இருப்பார் என்பது அவரது நம்பிக்கை.

"மாப்ள, இது என்னன்னு இன்னிக்குள்ள தெரிஞ்சாவணும்."

"என்ன அத்தான், வெளக்கெண்ணெ வாடை அடிக்குது?"

"ஒங்கக்கா வேல. அவ சாமிங்கறா. பங்காளி நெலக்கரிங்கறான். நடுவுல நான் பேயி மாதிரி நிக்கிறேன்."

அவர் சிரித்தார், கண்கள் சிரிக்கவில்லை. கட்டியை என் கையில் வைத்தார். கருமையினூடே பொன்னிறப் பொடிகள் மின்னின.

"கல்லுன்னா கையில கனக்கணும். இது கனக்கல பாருங்க. அதான் பயமா இருக்கு."

அச்சத்தின் காரணத்தை அவர் சொல்லாமலே அறிவேன். அவரது வயல் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் திறந்தாலும் மற்ற வயல்களெல்லாம் குடித்தபின்னரே அங்கு வந்து சேரும். சில ஆண்டுகளில் வந்து சேர்வதே இல்லை. அதனால்தான் இந்த ஆழ்துளை. நல்ல தண்ணீர் கிடைத்ததைக் கண்ட மகிழ்ச்சியில், அன்றே விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டிவிட்டார்கள். முளைகட்டிய நெல் காத்திருக்காது. உரிய நேரத்தில் நாற்றங்காலில் தெளித்தாக வேண்டும். தெளிக்க வேண்டுமானால் ஆழ்துளைத் தண்ணீர் வேண்டும்.

அந்தத் தண்ணீரைத்தான் பங்காளி நிறுத்தியிருந்தார். அவர் அத்தானுக்குப் பெரியப்பா மகன், பக்கத்து வயல்காரர். முன்பொருகால் பூமியைத் துளைத்துப் பார்க்கும் பெரிய எந்திரங்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வந்தபோது, அவற்றின் முன்னே மண்ணில் படுத்தவர். அந்த வழக்குக்காக நெடுநாள் நீதிமன்றப் படியேறியவர். கரி இருக்கிறது என்னும் செய்தி வெளியே போனால் நிலம் போய்விடும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நிலத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறதே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "எழுதுன கைக்கு அழிக்கத் தெரியாதாங்க?" என்று கேட்டவர். கட்டி இன்னதென்று தெரியும்வரை மோட்டாரைப் போடக்கூடாது, கரியென்றால் துளையை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் விதைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது.

அத்தானைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்றே நான் கட்டியோடு வேறொரு நகரத்துக்குச் சென்றேன். என்னுடன் பணியாற்றிய ஒருவரின் மகள் அங்கே கல்லூரியொன்றில் நிலவியல் கற்பிக்கிறார். என்னை ஐயா என்றே அழைப்பார். ஆய்வுக்கூடத்தின் நீண்ட மேசையில் நான் பையை அவிழ்த்ததும் அவர் முகர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"பூசை நடந்திருக்கு போல."

"நடந்ததம்மா. மன்னிக்கணும்."

அவர் கண்ணாடிக் குழலால் ஒரு சொட்டு அமிலத்தை அதன்மேல் விட்டார். உடனே நுரைத்தது. நுரைத்தால் சுண்ணாம்புக்கல் என்று எங்கோ படித்திருந்தேன். சுண்ணாம்புக்கல்லாயின் கவலையில்லை, மாலையே நெல் தெளிக்கலாம் என்று மனம் ஓடிற்று.

"சந்தோசப்படாதீங்க ஐயா. இது திருநீறு. கடையில விக்கறதுல சுண்ணாம்புத்தூள் கலந்திருப்பாங்க. அக்கா பூசுனதுதான் நொரைக்குது."

கட்டியை நன்கு கழுவித் துடைத்து, உள்முகம் தெரியுமாறு ஓரத்தை உடைத்தார். புதிய முகத்தில் அமிலம் ஒரு சொட்டுத் தண்ணீர்போல் வாளாவிருந்தது. மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினார்; பழுப்பு நிறக் கோடு விழுந்தது. பொன்னிறப் பொடியை மட்டும் ஊசியால் பெயர்த்து உரசியபோது கோடு கரும்பச்சையாக வந்தது. பொன்னாயின் கோடும் பொன்னாகவே விழும் என்றும், இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் என்றும் விளக்கினார். சிறு துண்டைக் குழாயில் இட்டுச் சூடேற்ற, குழாயின் மேற்புறத்தில் நீர் முத்துகள் படிந்தன; கந்தக நெடி எழுந்தது. இறுதியாக ஒரு சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். இருட்டில் இழை இழையாக வரிகள் ஓடின. வெட்டிய மரத்தின் வரிகள்.

"மரம்ங்க ஐயா. ஆறு எப்பவோ அடிச்சிட்டு வந்து பொதைச்ச மரம். மண்ணுக்குள்ள கெடந்து கரியா மாறியிருக்கு. பழுப்பு நிலக்கரின்னு சொல்ற வகைதான். அந்தத் தங்கக்கலர் எல்லாம் அதுக்குள்ள பொறவு வந்து சேந்தது. பொடியாக்கி எக்ஸ் கதிர்லயும் பாக்கறேன். ஆனா பேரு மாறாது."

"அப்படியானால் கரிப்படுகையா?"

அவர் கையிலிருந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது இந்தக் கட்டிக்குத் தெரியாது ஐயா. அடியில ஒரே ஒரு மரக்கட்டை கெடந்தாலும் இப்படித்தான் வரும். ஊரு அளவுக்குப் படுகை இருந்தாலும் இப்படித்தான் வரும். என்னன்னு நான் சொல்லலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

நான் கேட்க வந்தது என்ன என்பதையே அப்போதுதான் உணர்ந்தேன். பெயர் கேட்டு வந்தேன். எங்களுக்கு வேண்டியிருந்ததோ அளவு.

அவரே வழி சொன்னார். துளையிடுவோர் ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் மேலே வரும் மண்ணில் ஒரு கையளவு எடுத்து வரப்பில் வரிசையாக வைப்பார்கள். மணல், களி, மணல் என்று தரைக்குள் இருப்பது தரைமேல் படுத்திருக்கும். அந்த வரிசையில் கறுப்பு ஒரே குவியலில் மட்டும் இருந்து, அதற்கு மேலும் கீழும் வெறும் மணலாக இருந்தால், பெரும்பாலும் அது தனி மரம்தான். அடுத்தடுத்த குவியல்களும் கறுத்திருந்தால் வேறு கதை. "ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க ஐயா, போதும்."

இவ்வளவு எளிதா என்று எண்ணியவாறே அத்தானை அழைத்தேன். மண்வரிசையைத் தொடாமல் படம் எடுத்து அனுப்பும்படி சொன்னேன். மறுமுனையில் ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"அத்தான், கேக்குதா?"

"கேக்குது மாப்ள. அந்த வரிசை இல்ல. அன்னிக்கே வெட்டிச் சேத்துல மிதிச்சாச்சு."

"எதுக்கு?"

"போறவன் வாறவன் கண்ணுல கறுப்பு படக்கூடாதுன்னு பங்காளி சொன்னான். எவனாவது செல்லுல படம் எடுத்து அனுப்பிட்டா என்னாவறதுன்னான். எனக்கும் சரின்னு பட்டுது."

துளையிட்டவர்களையும் அழைத்துக் கேட்டோம். அவர்கள் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தார்கள். "கறுப்பா வந்துச்சுங்க. எவ்ளோ நேரம் வந்துச்சுன்னு கவனிக்கல. தண்ணி வருதான்னு பாக்கறதுதான எங்களுக்கு," என்றார் அவர்களில் மூத்தவர். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இனி அறிய வேண்டுமாயின் அருகே இன்னொரு துளை இட்டு, மண்ணை வரிசைப்படுத்திப் பார்ப்பதொன்றே வழி என்று ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். எந்தத் துளைக்கு அஞ்சிப் பங்காளி மண்ணில் படுத்தாரோ, அதையே ஊரில் போய்ச் சொல்லும்படி என்னிடம் கூறுகிறார் என்பது, பங்காளியின் கதையை என்னிடம் கேட்டிருந்த அவருக்கும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் நான் ஊருக்குப் போனேன். ஆழ்துளைக் குழாயைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க வாத்தியாரே. சொல்லுங்க," என்றார்.

பேருந்தில் வரும்போதே வாக்கியத்தைப் பலவாறு அமைத்துப் பார்த்திருந்தேன். பொய்யும் கலவாமல், அச்சமும் ஊட்டாமல், முழு உண்மையையும் ஒரே தொடரில் அடக்க முயன்றிருந்தேன்.

"இது பழைய மரங்க. ஆத்துல வந்த மரம் மண்ணுக்குள்ள கரியா மாறியிருக்கு. ஆனா..."

"கரிதானே?"

"கரிதான். ஆனா..."

"ஆனாவுக்கு முன்னாடி சொன்னது போதும்ங்க."

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஒத்த மரமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு எனக்குத் தோணுது."

"ஒங்களுக்குத் தோணுதா, டெஸ்ட் பண்ணவங்க சொன்னாங்களா?"

அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பங்காளி என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தணிந்த குரலில், "ஒத்த மரம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே வந்து மோட்டார் போட்டு விடறேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை மெய்ப்பிக்கக்கூடிய மண் எங்கள் காலடியில், துளையிட்ட அன்று வந்த தண்ணீரில் நாற்றங்காலுக்கென உழுது மிதித்த சேற்றில், மணலோடு மணலாகக் கலந்து கிடந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் சேற்றில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து உதறினார். பிறகு, "இன்னொரு ஓட்ட மட்டும் வேணாம்ங்க," என்றார்.

துளையை மூடும்போது அத்தான் யாரையும் தொடவிடவில்லை. களிமண்ணை உருண்டை உருண்டையாகப் பிடித்துத் தாமே குழாய்க்குள் போட்டார். முதல் உருண்டைகள் தண்ணீரில் விழும் ஒலி கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. வாய் நிறைந்ததும் மூடியை இறுக்கி, மேலே மண்ணைத் தள்ளினார். வாய்க்கால் பக்கம் யாரும் திரும்பவில்லை. அது அப்போதும் காய்ந்தே கிடந்தது.

வீட்டில் அக்காளிடம் மீந்த கட்டியைக் கொடுத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"திருநீறெல்லாம் எங்கடா தம்பி?"

"கழுவிட்டாங்கக்கா."

அவள் அதைச் சாமிமாடத்தில் வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. சன்னலோரத்தில் வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் விதைச்சாக்கின் கட்டை அவிழ்த்தாள். உள்ளிருந்து வெம்மை முகத்தில் அடித்தது. முளைகள் நீண்டு, வேரோடு வேர் பின்னி, நெல் முழுதும் ஒரே பாயாகச் சேர்ந்திருந்தது. ஒரு பிடியைப் பிரிக்கப் பார்த்தாள், வெண்முளைகள் ஒடிந்தன. நானும் ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். என் கைக்கும் ஒடிந்தன.

"விடுடா," என்றாள். சாக்கை அப்படியே மாட்டுத்தொட்டிக்கு இழுத்துச் சென்றாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நனைந்த நெல் நல்ல கனமாக இருந்தது.