றாபியாவின் சீனி போடாத சோஸ்

றாபியா தோற்றுப் பழக்கமில்லாதவள். முருங்கன் பஸ்ஸில் யன்னலோர இடமானாலும், ஓலைத்தொடுவாய்க் கரையில் இறங்கும் நல்ல பாரை மீனானாலும் முதலில் அவளுக்குத்தான். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் கலியாண வீடுகளுக்கு வெங்காயம் உரிக்கப் போனவள், கண்ணீரோடு பழச்சோஸ் காய்ச்சவும் கற்றுக்கொண்டாள். ஊர் திரும்பிய பிறகு, பெருநாளன்று அவள் புருஷன் அபூசாலி வீட்டில் எல்லாரும் சேர்ந்து தின்னும் பெரிய தட்டான சஹனின் நடுவில் அந்தச் சோஸ் கிண்ணம் இல்லாமல் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை.

போன நோன்புப் பெருநாளில்தான் வினை வந்தது. அபூசாலியின் தம்பி றிபாத், ஒரே தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்போது, விரலை நக்கியபடி சொன்னான்:

"மதினி, இதில பழத்தை எடுத்தா ஒண்டும் குறையாது. சீனியை எடுத்தாத்தான் கிண்ணம் காலியாகும்."

எல்லாரும் சிரித்தார்கள். அபூசாலியும் சிரித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அடுத்த நோன்புப் பெருநாளைக்கு ஒரு மணி சீனிகூடப் போடாமல் காய்ச்சுவதாகவும், நல்லா இருக்கு என்று றிபாத் தன் வாயால் சொல்லாவிட்டால் அன்றோடு தன் சோஸை நிறுத்திவிட்டுக் கடைப் போத்தலையே சஹனில் வைப்பதாகவும் சபையில் சொல்லிவிட்டாள்.

வருஷம் ஓடிவிட்டது. பெருநாளுக்கு முதல் நாள், பள்ளிவாசலில் கொடுத்த பேரீச்சம்பழத்தை ஊறப்போட்டாள். அன்னாசி நறுக்கினாள். புளி கரைத்து, இஞ்சியும் உள்ளியும் மிளகாயும் அரைத்துச் சட்டியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது விளங்கியது. சீனியைக் கோப்பையால் அளந்து கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பழம் அப்படியில்லை. ஒரு பெட்டிப் பேரீச்சம்பழம் தேனாக இருக்கும், அடுத்த பெட்டி பஞ்சாக இருக்கும். அதை அளக்க நாக்குத்தான் வேண்டும். நாக்கு நோன்பில் இருந்தது.

நுனி நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியிருந்தார். வைத்துப் பார்த்தாள். பசித்த நாக்கு எதையும் அமிர்தம் என்றது. நோன்பு திறந்த பிறகு பார்க்கலாம் என்றால், பேரீச்சம்பழம் தின்ற வாய்க்கு எல்லாமே புளிக்கும். அதற்குள் சோஸ் இறங்கி ஆறியிருக்கவும் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவை வேலியால் கூப்பிட்டாள். பெற்றிசியா வந்து சட்டிக்கு மேலே குனிந்து கண்ணை மூடி இழுத்தாள்.

"தவக்காலம், றாபியா. ஈஸ்டர் வரைக்கும் இனிப்புத் தொடமாட்டன் எண்டு நேந்திருக்கிறன். மணத்துக்கு மட்டும் ஒரு தடையும் இல்ல."

தேவைக்கு அதிகமாகவே மணந்துவிட்டுப் போனாள். கருவாடு காயவைக்க வரும் அருளம்மாவைக் கூப்பிடலாமா என்று றாபியா யோசித்தாள். மண்ணெண்ணெய் நாறிய தேத்தண்ணியைக்கூட "நல்லா இருக்குதுங்க" என்று குடித்தவள் அருளம்மா. அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பஸ்னா எழுந்து வந்தாள். றிபாத்துக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வருஷம்தான் வீட்டுக்கு வந்தவள். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"ராத்தா, எனக்கு இண்டைக்கு நோன்பில்ல."

றாபியாவுக்கு விளங்கியது. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பில்லை; ஆனாலும் மற்றவர்களோடு விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவார்கள், மற்றவர்களோடு நோன்பு திறக்க உட்காருவார்கள். ஆண்களும் கேட்பதில்லை, பெண்களும் சொல்வதில்லை. றாபியா குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கரண்டியைக் கொடுத்தாள்.

பஸ்னா முகத்தைச் சுளித்தாள். "இது சோஸ் இல்ல ராத்தா, ரசம்."

பேரீச்சம்பழம் கூடியது. இப்போது மருந்து மாதிரி இருக்கிறதாம். அன்னாசியும் உப்பும் கூடின. தன் சமையலில் யாரையும் வாய் திறக்கவிடாத றாபியா, சொன்னதையெல்லாம் வாய் திறக்காமல் செய்தாள். கடைசியில் பஸ்னா கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்தாள். றாபியா சட்டியை இறக்கினாள்.

பெருநாள் மத்தியானம் றிபாத் கிண்ணத்தில் தொட்டான். மறுபடி தொட்டான். பிறகு கரண்டியால் அள்ளினான்.

"நல்லா இருக்கு மதினி. ஆனா சீனி போட்டிருக்கிறீங்க."

இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அவன் கேட்கவில்லை. நேற்று வீடே நோன்பு, வெறும் பழத்தில் காய்ச்சியது ருசி பார்க்காமல் இப்படி அமையாது, கோப்பையால் அளந்து போடும் சீனிக்குத்தான் நாக்குத் தேவையில்லை என்று வழக்காடினான்.

"பாத்திருந்தா ஆர் பாத்தது? பேரைச் சொல்லுங்கோ."

ஒரு பேர் சொன்னால் போதும், வென்றுவிடலாம். தண்ணீர்ச் செம்போடு பஸ்னா அவள் பின்னால்தான் நின்றாள். றாபியா திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி. நீ வெண்டிட்டாய். அடுத்த முறை கடைப் போத்தலையே வைக்கிறன்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாள்.

"நான்தான் ருசி பாத்தன்" என்றாள் பஸ்னா.

சஹனைச் சுற்றி ஒரு கையும் அசையவில்லை. பிறகு எல்லாக் கைகளும் ஒரேயடியாக இறைச்சி தேடின. அபூசாலி எலும்பில்லாத துண்டில் எலும்பு பொறுக்கினார்.

"ஒரு தரம் இல்ல, நாலு தரம் பாத்தன். கிண்ணத்தை வையுங்கோ ராத்தா, அவர் இன்னும் முடிக்கேல்ல."

றிபாத்தின் காதுமடல் சிவந்துபோயிருந்தது. "சீனி இல்ல" என்று சோற்றைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கே கேக்கேல்ல" என்றார் அபூசாலி. "மதினிக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லு."

அவன் நிமிர்ந்து சொன்னான். றாபியா கிண்ணத்தை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.