போதும் என்று சொல்ல ஒரு ஆள்

அண்ணனின் வள்ளம் கடியப்பட்டணத்துக்கு நேர் தெற்கே கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறொரு வள்ளம் தூக்கிக்கொண்டது. அண்ணனை மட்டும் காணவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஒருவனைக் கடல் கொண்டுபோனால் எந்த வள்ளமும் மீன்பிடிக்கப் போகாது, தேடத்தான் போகும். அவன் வீட்டிலிருந்து ஒருவர் வந்து ‘போதும்’ என்று சொல்கிறவரை வலைகள் கரையிலேயே கிடக்கும். சொல்லும்படி யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போனவன் நான். அழுகை வரவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். நீரோட்டமும் காற்றும் கொடுத்தால் ஓர் உடல் எங்கே ஒதுங்கும் என்று கணக்குப்போடும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டேன். உடல் என்றுதான் அப்போதே நினைத்திருக்கிறேன். அது வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டது. வள்ளங்கள் அங்கே போய் வெறுமனே திரும்பின. மறுநாள் வட்டம் பெரிதானது. அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதானது.

“கடல் உன் பாடப்புத்தகம் படிக்கல்லியே மக்கா” என்றார் மாமா. அம்மாவின் தம்பி, தேடும் வள்ளங்களை முன்னின்று நடத்தியவர். நான்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன் சோறு வைத்த நாய் முதல் நாள் முழுக்கக் கரையில் படுத்துக் கிடந்தது. பசித்ததும் பரோட்டாக் கடைப் பக்கம் போய்விட்டது. அதன்மேல் கோபம் வரவில்லை. நாய் பசித்ததும் நிறுத்தியது, புரோகிராம் நிறுத்தவே நிறுத்தாது. இரண்டுக்கும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டார் எங்களுக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார்கள். ஒரு மதியம் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தால் பயறு இல்லை, வெறும் கஞ்சி. அம்மா கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள். இன்னும் வாய்ப்பு இருக்கிறது, கம்ப்யூட்டர் காட்டுகிறது என்றேன்.

“அது காட்டிக்கிட்டேதான் இருக்கும் மக்கா. அதுக்கு ஒரு வீட்லயும் அடுப்பு எரிய வேண்டாமே.”

ஆண்கள் கரையில் சிலுவை நட்ட குருசடியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீட்டுக்கட்டு இருந்தது, யாரும் பிரிக்கவில்லை. மாமாவிடம் போதும் என்றேன்.

“கம்ப்யூட்டர் சொல்லிட்டுதா?”

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மா சொன்னாள் என்றாலும் முடிந்திருக்கும். ஆனால் பெற்ற பிள்ளையைக் கடலில் விட்டவள் என்று பின்னால் ஒரு சண்டையில் யாராவது சொல்வார்கள்.

“இல்ல மாமா. நான்தான் சொல்லுதேன்.”

அவர் எழுந்து போய் வலையை உதறத் தொடங்கினார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

மறுநாள் யாரோ எங்கள் வாசலில் சாளை மீன் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மா வெகுநேரம் கழுவினாள். புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். அண்ணன் கிடக்கிற கடலின் மீன், தொண்டையில் இறங்காது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இறங்கியது.