பொட்டு வைக்காத சக்கு

பழங்காநத்தத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் இரும்பு கடையும் லேத்கள் இரண்டு. ஒன்றில் நான், அடுத்ததில் அவன். ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். என்னைவிட வயதில் சிறியவன், வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குப் பிறகுதான்.

கடைய வேண்டிய இரும்பை மூன்று பற்களால் கவ்விப் பிடிக்கும் பாகத்தைச் சக்கு என்போம். என் லேத்தின் சக்கு தேய்ந்துபோயிருந்தது. எதைக் கவ்வினாலும் ஆட்டம். டின் தகட்டை வெட்டிச் சொருகி ஒப்பேற்றுவேன். அதனால் பம்ப் ஷாப்ட் மாதிரி நுணுக்கமான வேலையெல்லாம் அவன் லேத்துக்கே போனது. புதுச் சக்கு கேட்க வேண்டும் என்று முதலாளியின் மேஜை வரைக்கும் போவேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "கரண்டு எப்ப வரும் மொதலாளி?" என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அவன் கேட்டான். டீ குடித்துக்கொண்டே, பட்டறை முழுக்கக் கேட்கும்படி: "மொதலாளி, இந்தச் சக்கோட இன்னும் எம்புட்டு நாளு மல்லுக்கட்டுறது?" அவனுடையது என்னுடையதைவிட நல்ல நிலையில்தான் இருந்தது. முதலாளி சிரித்தார். அடுத்த வாரம் புதுச் சக்குப் பெட்டி வந்து அவன் லேத் பக்கத்தில் இறங்கியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பட்டறைக்குப் புதிதாக எது வந்தாலும் வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, அப்படியே மாட்டி ஓட்டுவதுதான் வழக்கம். அதற்கு முன்னால் யாரும் அதில் ஸ்பேனர் வைப்பதில்லை. அவன் வியாழக்கிழமை மத்தியானமே வைத்துவிட்டான். பின்தகட்டைக் கழற்றி, பற்களை உருவி, எல்லாவற்றையும் டீசல் தட்டில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே போயிருந்த முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடேய்! ஒரு பொட்டு வைக்கல, அதுக்குள்ள கொடல உருவிட்டியேடா!"

"உள்ளார இரும்புத் தூளு மொதலாளி. துரு பிடிக்காம இருக்கப் பூசுன கிரீசுல ஒட்டிக் கெடக்கு. இப்பிடியே மாட்டுனா பல்ல அரிச்சுப்புடும். வந்து பாருங்க."

"கம்பெனிக்காரன் தொடைக்காமயா பெட்டியில போடுவான்? அவனவிட நீ பெரிய ஆளா?" முதலாளி தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஒழுங்காக் கோத்து வை. நாளைக்குப் பொட்டு வச்சு அண்ணன் லேத்துல மாட்டு."

அண்ணன் என்றது என்னை. சிரிப்பு வெளியே தெரியாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒங்களுக்கு மச்சந்தாண்ணே," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் மனைவி வந்து மூன்று பற்களிலும் சந்தனத்தை அப்பி, மேலே தாராளமாகக் குங்குமம் வைத்தார். ஷாப்ட் வேலை என் லேத்துக்கு வந்தது. கொஞ்ச நாள் ராஜா மாதிரி இருந்தேன். பிறகு பற்களை இறுக்கச் சாவி போட்டுத் திருகும்போது உள்ளே நறநறவென்றது. ஷாப்ட் லேசாக ஆடத் தொடங்கியது.

அடுத்த லேத்தில் நின்ற அவனுக்கு அது கேட்டுவிட்டது.

"அண்ணே, குங்குமம் உள்ள எறங்கிருக்கும். பிரிச்சு ஒரு அலசு அலசிருங்க. நான் வேணா வாரேன்."

"ஒண்ணும் வேணாம். புதுசுன்னா அப்பிடித்தான் இருக்கும்."

பிரித்தால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும். பிரிக்காவிட்டால் ஷாப்ட் வேலை திரும்ப அவனிடமே போய்விடும். இந்த நினைப்பு என்னைத் தின்றது. கடைசியில், அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பிரித்தேன்.

உள்ளே சந்தனமும் குங்குமமும் கிரீசோடு குழைந்து கிடந்தன. அதைக் கழுவி எடுத்தபிறகு பார்த்தால், பற்கள் நகரும் ஒவ்வொரு காடியும் கண்ணாடி மாதிரி இருந்தது. பற்களின் ஓரப் பிசிறைக்கூடக் கல்லால் தடவி எடுத்திருந்தான். சக்கு என் லேத்துக்குப் போகிறது என்று தெரிந்த பிறகும் கோப்பதில் ஒரு குறை வைக்கவில்லை. அரைகுறையாகக் கோத்திருந்தானென்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலாளி வந்து நின்றது தெரியவில்லை. கையில் பல்லோடு எழுந்தேன். இந்தத் தடவை அவர் குனிந்து பார்த்தார். தட்டின் அடியில் சிவப்புச் சேறு.

"அட, இம்புட்டா உள்ள போயிருக்கு?"

அதற்குள் அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டான். "என்ன மொதலாளி, அண்ணன் கொடல உருவுனா மட்டும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

முதலாளி வெடித்துச் சிரித்து அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "அன்னைக்கு நீ ஏதோ பீத்திக்கிறேன்னு நெனச்சேன்டா." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள்.

நான் சக்கைக் கோத்து மாட்டினேன். ஆட்டம் நின்றுவிட்டது. ஷாப்ட் வேலை இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

போன மாதம் துளை போடும் மெஷினுக்கு, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் புது வைஸ் வந்தது. முதலாளி பெட்டியை அவனிடம் நீட்டினார். "பிரிச்சுத் தொடச்சு வை. பொட்ட அப்பறம் வச்சுக்கலாம்." பக்கத்தில் நின்ற என்னை அவர் கேட்கவில்லை. எனக்கும் பிரிக்கத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஷாப்ட்டைக் கடைந்தபடியே, அவன் தட்டில் டீசல் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.