படுதாக் குளத்தில் ஒரு ஞாயிறு காலை

போன ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று நான் செத்திருக்க வேண்டியவள். நீங்கள் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், கழுத்துவரை தண்ணீரில் ஒரு குழாயைக் கட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் நின்று பேசினால் எனக்கு அழுகைதான் வருகிறது. அதனால் எழுதித் தருகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறோம். பதினோரு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வரமாட்டார்கள். அன்றைக்கு எட்டேகால் மணிக்குக் கீழே ரோட்டு முக்கில் சபை ஜீப் வந்து நிற்கும். காய்ச்சல் என்றாலும் மழை என்றாலும் நான் அதில் ஏறிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

முக்குக்குப் போகிற வழியில் வசந்தாவின் வீடு. பக்கத்துத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். முன்பு நம் சபையில்தான் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் புருஷன் நிழல் மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது விழுந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அந்த ஒன்பது நாளும் வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபித்தவள், அடக்கத்துக்குப் பிறகு சபைப் பக்கமே வரவில்லை.

நானும் விடவில்லை. ஞாயிறுதோறும் அவள் வீட்டு வாசலில் நின்று, "ஏ வசந்தா, வாரியா?" என்று சத்தம் கொடுப்பேன். "நீங்க போங்கக்கா, பெறவு பாத்துக்கிடலாம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். கதவு திறக்காது. நான் குளத்தில் விழுந்ததற்கு முந்தின ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆண்டவர் கூப்பிடுறதத் தட்டிக் கழிக்கே. இதுக்கு ஒருநாள் அனுபவிப்பே" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் முந்தின நாளே போடிக்குத் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். மழை பெய்து நாளாகி, ஏலச்செடி வாடிக் கிடந்தது. காலையில் ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சச் சொல்லி முதலாளி போன் பண்ணினார். சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் படுதாக் குளத்துக்கு ஏறினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழி தோண்டி, நாலு பக்கமும் தடித்த பிளாஸ்டிக் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கிய குளம் அது. இந்த மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. படியும் கிடையாது, பிடியும் கிடையாது. சரிவெல்லாம் பாசி.

மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குழாயின் வாயில் இலை அடைத்திருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிய பிறகே சரிவில் கால் வைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானே எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்! ஆனால் மணி ஏழேகால் ஆகிவிட்டது, கயிறு கட்டினால் சேலை அழுக்காகும். ஒரு நிமிட வேலைதானே என்று மோட்டாரைக்கூட நிறுத்தாமல் குனிந்து குழாயை இழுத்தேன். கால் வழுக்கியது தெரியும். அடுத்து மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

எனக்கு நீச்சல் தெரியாது. கையில் குழாய் அகப்பட்டது தேவகிருபை. அதைப் பிடித்து மேலே ஏறப் பார்த்தேன். கரையில் குழாயைக் கட்டியிருந்த முளைக்கம்பு ஆடியது. இன்னொரு தரம் இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஏறவும் முடியாது, விடவும் முடியாது. கத்தினேன். மோட்டார் இரைச்சலில் என் சத்தம் கீழே வரைக்கும் எட்டியிருக்காது.

யார் வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் போடியில். வேலையாட்கள் நாளைக் காலையில்தான். கரையில் வைத்த பைக்குள் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எடுக்காவிட்டால் ஜீப்பில் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். அடித்து அடித்து நின்றது. அப்போதுதான் நான் உடைந்துபோனேன்.

குளிரில் விரல் மரத்தது. சின்ன வயதில் மனப்பாடம் பண்ணிய சங்கீதங்களில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "இயேசப்பா, யாரையாவது அனுப்பும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையிலே, "வசந்தாவ நான் பயமுறுத்திட்டேன் ஆண்டவரே, என்ன மன்னியும்" என்றும் அழுதேன். அவள் வருவாள் என்று நினைத்து அல்ல. அந்தப் பேச்சோடு சாகப் பயமாக இருந்தது.

தூரத்தில் ஜீப் ஹார்ன் கேட்டது. இரண்டு தரம், மூன்று தரம். பிறகு நின்றுவிட்டது. ஜீப் போய்விட்டது என்று நினைத்தேன். பிடியை விட்டுவிடலாம் போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"யக்கா!"

கரையில் வசந்தா நின்றாள். தலைகூட வாரவில்லை. என்னைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். ஆனால் என்னைப் போலப் புத்திகெட்டுச் சரிவில் இறங்கவில்லை. மோட்டார் ஷெட்டில் சுருட்டி வைத்திருந்த மருந்தடிக்கிற ஹோஸை எடுத்து, ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை எறிந்தாள். "கையில சுத்திக்கிடுங்கக்கா, விட்டுறாதீங்க" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினாள்.

முக்கில் ஜீப் இன்னும் நின்றுகொண்டிருந்தது. யாருக்காகவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வண்டி அது. "செல்வராணியக்கா வராம இருக்க மாட்டாவ, இன்னும் செத்த நேரம் பாப்போம்" என்று டிரைவர் தம்பி நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு வருடமாகச் சபை ஜீப்பைக் கண்டாலே கதவைச் சாத்தியவள், அதன் முன்னால் போய் விழுந்து, அதிலிருந்தவர்களைக் கூட்டி வந்தாள். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவளிடம் கேட்டேன், "நீ எப்படிடீ வந்தே?"

"வாரம் வாரம் ஒங்க சத்தம் கேட்டா எரிச்சலாத்தான் வரும். அன்னைக்குக் கேக்கலன்னதும் கோவமா இருக்கீகன்னு நெனச்சேன். ஜீப்பு ஹாரன் அடிச்ச பெறவும் நீங்க கீழ எறங்கி வரல. மேல மோட்டார் மட்டும் ஓடுது. எனக்கு இருப்புக்கொள்ளல" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆண்டவரையா அவளையா என்று கேட்காதீர்கள், அப்போது எனக்கே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, நான் கூப்பிடும்போது கதவு திறந்தது. புதுச்சேலை கட்டியிருந்தாள். ஆனால் படி இறங்கவில்லை. "ஒங்களுக்கு என்னைய அனுப்புனாரு. எம்புருசனுக்கு ஏங்க்கா யாரையும் அனுப்பல?" என்று கேட்டாள். பழைய செல்வராணியாக இருந்தால் ஏதாவது வசனத்தை எடுத்து வீசியிருப்பேன்.

"எனக்குத் தெரியலடீ" என்றேன். "அத அவருகிட்டயே போயிக் கேப்போம், வா."

வந்தாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. இன்னும் பாடுவதில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து சில நாள் அழுகிறாள். நானும் சேர்ந்து அழுகிறேன். என் பெருமையெல்லாம் அந்தக் குளத்தோடு போயிற்று.

அன்பானவர்களே, வராமல் நின்றுபோன ஒருவர் உங்கள் பக்கத்திலும் இருப்பார். பயமுறுத்தாமல் கூப்பிடுங்கள், சலிக்காமல் கூப்பிடுங்கள். இதை வாசிக்கிற நீங்களே அந்த ஒருவர் என்றால், உங்களுக்காக ஒரு வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. அழுதுகொண்டு வந்தாலும் சரி, ஆண்டவரிடம் சண்டை போட வந்தாலும் சரி. வாருங்கள்.