எம்.எல்.ஏ.வுக்கு ஒன்பதாம் சீட்டு

வந்திருந்தவர்கள்: பதினோரு ஊர்த் தலைவர்களான நாட்டார்கள், ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள் ஒரு பெருங்கூட்டமாக, எங்கள் இறாலை எடைபோட்டு வாங்கும் பழவேற்காட்டு பாய், மைக் செட்காரர், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து எங்கள் எம்.எல்.ஏ.வும். வராதவர்கள்: எம்.பி. (அவருக்குப் பதிலாக ஒரு சால்வை வந்தது), அப்புறம் அன்றைக்குப் பாடு இருந்த வீட்டு ஆண்கள். வந்திருக்கவே கூடாத ஒருவரும் வந்திருந்தார். அவர் என் நைனா.

பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன வீட்டுக்காரர் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொள்வோம். நம் நாளைத் தவறவிட்டால் போனதுதான், சுற்று முடிந்து திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். பாடு உள்ளவன் கல்யாணத்துக்கு வராவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டத்துக்குத் தேதி குறித்தவன் நான். எங்கள் ஊரான பசியாவரத்திலிருந்து படகேறி, பஸ் பிடித்துப் பொன்னேரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான், அந்தப் பெருமை என் நடையிலேயே தெரியும் என்பார்கள். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காலண்டரைப் பார்த்து ஒரு சனிக்கிழமையைப் பிடித்தேன். வீட்டுச் சுவரில் நைனா கரிக்கோடு போட்டு வைத்திருந்த பாடு நாள் கணக்கைப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் பாடு. நைனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது தெரிந்தது கூட்டத்திலிருந்து படகில் போகும்போதுதான்.

எங்கள் குறை ஒன்றே ஒன்று. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல்தண்ணீர் உள்ளே வந்தால்தான் அதோடு இறால் குஞ்சும் வரும். மழைக்கு முன்னால் மணலை வெட்டித் திறக்காவிட்டால் அந்த வருஷம் ஏரியில் வெறும் சேறுதான். மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன நாட்டார்களிடம், "மனுவை நாம கொண்டுபோக வேணாம், ஆளை இங்க கூட்டிவந்து உக்கார வைப்போம்" என்று சொன்னது நான்தான். சொன்ன வாயாலேயே எல்லா வேலையும் என் தலையில் விழுந்தது.

இடம் டச்சுக் கல்லறை மதிலோரம். கோயில் பக்கம் வைத்தால் ஒருவருக்கு ஆகாது, பள்ளிவாசல் பக்கமோ சர்ச் பக்கமோ வைத்தால் இன்னொருவருக்கு ஆகாது. கல்லறையில் படுத்திருக்கிறவர்கள் யாருக்கும் பங்காளி இல்லை. ஷாமியானா கயிற்றை மதிலோரத்து வேப்பமரத்தில் கட்டினோம்.

எம்.எல்.ஏ. வருவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. யார் முதலில் பேசுவது? நான் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே கூப்பிடுவார்கள்! பட்டியலைப் படித்ததும் கடைசி ஊர் நாட்டார் எழுந்துவிட்டார்.

"இன்னாடா இது? எங்க பாட்டன் ஊருக்குப் பேரு வெச்சப்போ உன்னாண்ட வரிசை கேட்டுக்கினா வெச்சான்?"

"பெரிய ஊரு மொதல்ல பேசட்டும்" என்றார் இன்னொருவர்.

"பெருசுன்னா? ஆளு பெருசா, வாயி பெருசா?"

சிரிப்பும் கூச்சலுமாகக் கிடந்தது. என் கையில் நான்கு பக்கப் பேச்சு. அதைப் படிக்க இடமே கிடைக்காதோ என்று எனக்கு வியர்த்தது. அப்போது இறால் தடவும் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தன் பறியை எடுத்து என் முன்னால் வைத்தார். இறால் போடுவதற்காகப் பல்லில் கடித்துக்கொண்டு போகும் ஓலைக்கூடை அது.

"சீட்டுப் போட்டுடு தம்பி. ஏரிக்கு இன்னா முறையோ மைக்குக்கும் அதே முறை."

சட்டென்று எல்லோரும் அடங்கினார்கள். சீட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது. பதினோரு ஊருக்குப் பதினொன்று, இறால் தடவும் பெண்களுக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. எம்.எல்.ஏ.வுக்கும் ஒன்று போடச் சொன்னவர் அந்த அக்காதான். எனக்குச் சீட்டு இல்லை. "நீ இன்னா ஊரா?" என்று கேட்டார் பாய்.

எம்.எல்.ஏ. வந்ததும் நேராக மைக்கைப் பிடிக்கப் போனார். பாய் பறியை நீட்டினார்.

"ஒரு சீட்டு எடுங்க சார்."

கூட வந்த உதவியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாய்யா, சாருக்கே சீட்டா?"

"ஏரியில எல்லாருக்கும் சீட்டுதாங்க" என்றார் கடைசி ஊர் நாட்டார்.

எம்.எல்.ஏ. பறியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். ஒன்பது. கைத்தட்டலில் கல்லறைப் பக்கத்துக் காக்காய்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

முதல் சீட்டு அந்த அக்காவுக்கே விழுந்தது. மைக்கைக் கருவாடு பிடிப்பதைப் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"முன்னல்லாம் தண்ணியில குந்தினா கழுத்து வரைக்கும் நனையும் சார். இப்ப இடுப்பே நனையல. காய்ஞ்ச சேலையோட வூட்டுக்குப் போறேன். என் மருமவ இன்னா சொல்றா தெரியுமா? நீ வேலைக்கே போவலை, எங்கியோ குந்திக் கதையடிச்சிட்டு வர்றேன்றா. நீயே வந்து அவகிட்ட சொல்லு சார்!"

எம்.எல்.ஏ. வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அதற்குப் பின் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான்காவது ஆள் பேசும்போது கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார். தன் முறை வந்தபோது மைக்கை வாங்கி, "பேச்சு இருக்கட்டும். அந்த எடத்தைப் பாக்கணும், படகு இருக்கா?" என்றார்.

தண்ணீருக்குப் பக்கத்தில் கோலோடு நின்றவர் நைனாதான்.

"இன்ஜின் போட்டு இல்லியா பெரியவரே?" என்று உதவியாளர் கேட்டார்.

"இன்ஜின் கீது. தண்ணிதான் இல்லை" என்றார் நைனா.

எம்.எல்.ஏ., உதவியாளர், அக்கா, நான் ஏறினோம். நைனா கோல் ஊன்றித் தள்ளினார். போகும் வழியில் வரிசையாக வலை கட்டியிருந்தார்கள். ஐந்து வலைக்கு நடுவில், பல் விழுந்த மாதிரி ஓர் இடம் மட்டும் காலி.

"அங்க மட்டும் ஏன் கட்டலை?" என்று எம்.எல்.ஏ. கேட்டார்.

"அது இவரு எடம்தான் சார். இன்னிக்கு இவரு பாடு" என்று அக்கா நைனாவைக் காட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நைனா கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நைனா சொல்லலை?"

"சொன்னா நீ தேதியை மாத்துவே. அவரு வருவாரா? அப்புறம், ஊரையே கூப்ட்டவனோட அப்பன் வலை கட்டப் போய்ட்டான்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது பாரு. வுடு, எழுந்து நிக்காதே, கவுந்துடும்."

எழுந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தேன். எம்.எல்.ஏ. அந்தக் காலி இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முகத்துவாரத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே படகு தரை தட்டி நின்றது.

"வேற வழியில போக முடியாதா?"

"இதாங்க ஆழமான வழி" என்றார் நைனா.

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எம்.எல்.ஏ.வும் தள்ளினார். சேறு அவருடைய ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. அக்கா குந்தி, இறால் தடவுவதைப் போலவே தடவிப் பார்த்துவிட்டு, "ஆப்பிடலை சார். எறாலே ஆப்பிடலை, செருப்பு எங்க ஆப்பிடும்!" என்றார். எம்.எல்.ஏ. சிரித்துச் சிரித்துப் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே நின்று, முழங்கால் சேற்றோடு, யாருக்கோ போன் போட்டார். கரை திரும்பியதும் காலைத் துடைக்க ஏதாவது கேட்டார். என்னிடம் அந்த நான்கு பக்கம்தான் இருந்தது. கொடுத்தேன்.

மழைக்கு முன்பே எந்திரம் வந்தது. மணல் கடைசியாக உடைந்து கடல் உள்ளே பாய்ந்த அன்று பதினோரு ஊரும் கரையில் நின்று கத்தியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த மாதம் கரையில் எதிர்ப்பட்ட அக்காவின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இப்ப நம்பறா!" என்று தூரத்திலிருந்தே கூவினார்.

பொங்கலுக்கு முன் நாட்டார்களிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஷாமியானா, மைக், டீ, பிஸ்கட், எம்.எல்.ஏ.வுக்கு ஜோடியாகவே வாங்கிக் கொடுத்தனுப்பிய செருப்பு: மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது என்று கோடு போட்டு முடித்தேன். வலையிலிருந்து இறாலை உதறிக்கொண்டிருந்த நைனா எட்டிப் பார்த்தார்.

"என் பாடு எங்கடா?"

"எவ்ளோன்னு தெரியாதே நைனா."

"அன்னிக்குப் பக்கத்து வலைக்காரன் மூவாயிரத்து எரநூறுக்கு எறா போட்டான். அதையே எழுது. ஊராண்ட கேக்காதே, எழுத மட்டும் எழுது. எம்புள்ள கூட்டின கூட்டத்துக்கு நானும் குடுத்தேன்னு இருக்கணும்."

போட்ட கோட்டை அடித்துவிட்டு, அதையும் சேர்த்து மறுபடி கூட்டினேன். மொத்தம் ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.