கொளஞ்சியப்பருக்குக் கட்டிய பிராது

மும்பையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். நான் போட்ட ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே கிடந்தது. பொம்மைக் கம்பெனி வேலைக்கு நடுவே செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டினேன். வேண்டுவதைத் தாளில் எழுதிக் கோயிலில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். 'யாராவது ஒருத்தர் டிக்கெட்டை கேன்சல் செய்யணும் சாமி' என்றுதான் எழுதினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஜன்னலோர சீட்டே கிடைத்தது. ரயிலில் எதிரே ஒரு வேப்பூர்க்காரர், என் அப்பா வயது. சந்தோஷத்தில் அவரிடம், "எந்த மவராசியோ கேன்சல் பண்ணியிருக்காங்க, நல்லா இருக்கணும்" என்றேன்.

"அது எங்க வூட்டுக்காரி சீட்டும்மா" என்றார். "மவன் வூட்டுக்குப் போவலாம்னு ரெண்டு பேருக்கும் போட்டது. போன மாசம் அவ போய்ச் சேந்துட்டா. மனசு வராம வச்சிருந்து, நேத்துதான் கேன்சல் பண்ணேன்."

நான் பிராது கட்டியதும் போன மாதம்தான். பதறி எழுந்தேன்.

"உக்காரும்மா. ஜன்னலை மட்டும் மூடாத. வழியெல்லாம் பாத்துக்கிட்டே வரணும்னு சொல்லிக்கிட்டிருந்தா."

மும்பை வரை நான் மூடவில்லை.

பேத்தி பிறந்தாள். வேண்டியது நடந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். ஊர் திரும்பியதும் கோயிலுக்குப் போனேன்.

"கேட்டது நடந்துச்சாம்மா?" என்றார் பூசாரி.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.