அரக்கு நிற ஸ்வெட்டர்

அரக்கு நிற ஸ்வெட்டர் ஒன்று எங்கள் சோமனூர் வீட்டு பீரோவில் இன்னும் இருக்கிறது. முழங்கை நைந்துவிட்டது, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். மார்கழி பிறந்தால் அத்தை அதை வெயிலில் போட்டு எடுப்பாள். எனக்கோ உடுமலைப் பக்கம், அணையை ஒட்டிய அந்தப் பூங்கா நினைவுக்கு வந்துவிடும்.

அப்பாவின் தங்கையான இந்த அத்தையைப் பெண் பார்க்க அங்கேதான் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்து, பிடிக்காமல் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். பூங்கா என்றால் என்னை ஊஞ்சலாட்டக் கூட்டி வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுக்க என் அம்மாவுடையது. முன்பே இரண்டு இடம் தட்டிப் போனதில் அத்தை பயந்து போயிருந்தாள். இதாவது அமைய வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருந்தாள். பனி விலகாத காலை, அணைக்காற்று எலும்பு வரை இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் அம்மா அவளை ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். பட்டுப்புடவையும், அம்மா இரவல் கொடுத்த அட்டிகையும் உள்ளே மறைந்து கிடந்தால் என்ன பிரயோஜனம்? "குளுருதுங்க நங்கையா" என்றாள் அத்தை. அண்ணன் பெண்டாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்க அம்மணி. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும்" என்று அம்மா ஸ்வெட்டரை மடித்துத் தன் மடியில் கதகதப்பாக வைத்துக்கொண்டாள்.

மான் கூண்டுக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்ததும், பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி மாப்பிள்ளையின் அம்மாவிடம் அத்தை நீட்டினாள். டம்ளர் தடதடவென்று ஆடி, காபி அந்தம்மாவின் புடவையில் கொட்டியது. காது வரை சால்வை போர்த்தியிருந்தும் அந்தம்மாவுக்கு அது குளிர் என்று தோன்றவில்லை. சாயங்காலமே தரகர் போன் செய்தார். "புள்ளைக்கு ஏதோ நடுக்கச் சீக்காட்ட இருக்குதுங்க, வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க." குளிர்தான் காரணம் என்று அப்பா சொல்ல வாயெடுத்தார். கழற்றச் சொன்னது யாரென்று கேள்வி வருமே என்று அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரத் துப்பில்லையா என்று அத்தையைத்தான் திட்டினாள். அந்தச் சீக்குப் பேச்சு மெல்ல சோமனூருக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. எனக்கு அம்மாவை அன்றைக்குப் பிடிக்காமல் போனது. இன்றும் முழுசாகப் பிடித்துவிடவில்லை.

இந்த மார்கழியில் ஊருக்குப் போனேன். அப்பா காலமாகிவிட்டார். பக்கவாதம் வந்த அம்மாவுக்குப் பேச்சு இல்லை. எல்லாம் அத்தைதான் செய்கிறாள், ஊரே மெச்சுகிறது. விடிந்ததும் அம்மாவைக் குளிப்பாட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். அம்மா கிடுகிடுவென்று நடுங்கினாள். கண் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் மடியை விட்டு நகரவில்லை. ஸ்வெட்டர் அங்கே மடித்தபடி இருந்தது. எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிடப் போனேன். அத்தை என் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் போகட்டும் கண்ணு. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.